விரல் நீளத்தில் நின்றுபோன மீன்கள்

கேள்வி: குலசேகரத்துக்குப் பக்கத்தில் எங்கள் ரப்பர் விளைக்கு நடுவே 35 சென்ட் குளம் ஒன்று இருக்கிறது. ஐப்பசியில் ஆறடித் தண்ணீர் நிற்கும். பங்குனிக் கடைசியில் பாதிக்கும் மேல் வற்றி, 15 சென்ட் பரப்பில் ஒன்றரை அடிதான் மிஞ்சும். மூன்று வருடங்களுக்கு முன் தெரிந்தவர் ஒருவர் கொடுத்த ஜிலேபிக் கெண்டைக் குஞ்சு ஒரு வாளி விட்டோம். இப்போது ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. ஒன்றுகூட விரல் நீளத்துக்கு மேல் வளரவில்லை. மகன் அமெரிக்காவில் அலபாமா மாநிலத்தில் இருக்கிறான். அங்கே பக்கத்துப் பண்ணைக் குளத்தில் சன்ஃபிஷ் என்னும் மீனைப் பேரன் தூண்டிலில் பிடிப்பதை வீடியோவில் பார்த்தேன். ஆனி மாதம் ஊருக்கு வரும்போது இங்கேயும் அதையே பிடிக்க வேண்டுமாம். அந்த மீன்குஞ்சு நம் ஊரில் கிடைக்குமா? வண்ணமீன் கடைக்காரர் ஒருவர் வரவழைத்துத் தருவதாகச் சொல்கிறார். இருக்கிற ஜிலேபியை என்ன செய்வது?
ஓய்வுபெற்ற ஆசிரியை, கன்னியாகுமரி மாவட்டம்

பதில்: டீச்சர், கடைசிக் கேள்வியில்தான் முதல் கேள்விக்கும் பதில் இருக்கிறது. அதனால் ஜிலேபியிலிருந்தே தொடங்குகிறேன்.

ஒரு காரியம் செய்யுங்கள். குளத்திலிருந்து பத்து மீனைப் பிடித்து அரிவாள்மணையில் வயிற்றைக் கீறிப் பாருங்கள். விரல் நீளம்தானே, குஞ்சு என்று நினைத்திருப்பீர்கள். அவற்றில் சிலவற்றின் வயிற்றில் கடுகைவிடச் சற்றே பெரிதாக மஞ்சள் முட்டைகள் நிறைந்திருக்கும். ஒன்றிரண்டின் வாய்க்குள்ளேயே முட்டையோ குஞ்சோ இருந்தாலும் வியப்பில்லை. ஜிலேபிப் பெட்டை முட்டையை வாயில் வைத்து அடைகாக்கும் மீன். ஆக, உங்கள் குளத்தில் நீந்துவது குஞ்சுக் கூட்டம் அல்ல, பாட்டிகளும் கொள்ளுப்பாட்டிகளும். வளர்ச்சி விரல் நீளத்தில் நின்றுவிட்டது, பிள்ளைப்பேறு நிற்கவில்லை.

கொடுத்தவர் மட்டமான குஞ்சைக் கொடுத்துவிட்டார் என்று அவர்மேல் வருத்தப்பட வேண்டாம். உங்கள் குளத்தில் ஒரு வருடத்தில் விளையும் இரை இவ்வளவுதான் என்று ஓர் அளவு உண்டு. அதை 300 மீன் தின்றால் ஒவ்வொன்றும் உள்ளங்கை அகலத்துக்கு வரும். அதே இரையை 10,000 மீன் பங்குபோட்டால் எல்லாம் விரலாகவே நிற்கும். மொத்த எடை ஏறக்குறைய ஒன்றுதான். இந்த நிலையில் குளத்தில் எந்தப் புது மீனை விட்டாலும் பந்தியில் இன்னோர் இலை போட்டதாகத்தான் ஆகும்.

இப்போது அலபாமாவுக்கு வருகிறேன். பேரன் பிடித்தது பெரும்பாலும் புளூகில் என்ற வகையாக இருக்கும். தட்டையான உடல், செவுளின் விளிம்பில் கறுப்புப் பொட்டு, ஆணுக்கு நெஞ்சில் மஞ்சளும் ஆரஞ்சும் கலந்த நிறம். வட அமெரிக்காவின் கிழக்குப் பகுதி நன்னீர்தான் அதன் தாய்வீடு. (இணையத்தில் சூரியமீன் என்று தேடினால் ஒரு டன்னுக்கும் மேல் எடை போகும் ஒரு கடல் மீனின் படம் வரும். அதற்கும் இதற்கும் உறவே இல்லை, பயந்துவிடாதீர்கள்.) புளூகில் ஆண், கரையோர ஆழமில்லாத தண்ணீரில் வாலால் விசிறி மணலை ஒதுக்கித் தட்டுப் போலப் பள்ளம் செய்யும். பக்கத்துப் பக்கத்தில் பத்து இருபது பள்ளங்கள். பெட்டை முட்டையிட்டுப் போனபின் ஆண் காவல் இருக்கும். ஒரு பெட்டை ஆயிரக்கணக்கில் முட்டையிடும். ஓராண்டு வயதிலேயே இனப்பெருக்கம் தொடங்கிவிடும். எங்கேயோ கேட்ட கதை போல இருக்கிறதா? ஆம், நம் ஜிலேபியின் கதைதான். அங்கேயும் புளூகில் மட்டும் விட்ட குளத்தில் மூன்றே வருடங்களில் எல்லாம் விரல் நீளத்தில் நின்றுவிடும்.

அதற்கு அவர்கள் என்ன செய்தார்கள் என்பதுதான் நாம் கற்க வேண்டிய பாடம். உங்கள் மகன் இருக்கும் அதே அலபாமாவில், இன்று ஆபர்ன் பல்கலைக்கழகம் என்று அழைக்கப்படும் கல்லூரியில், ஹோமர் ஸ்விங்கிள் என்ற ஆய்வாளர் 1930களிலிருந்து பண்ணைக் குளங்களை வைத்துச் சோதித்துக்கொண்டே இருந்தார். எந்தக் குளத்தில் எத்தனை விட்டால் எத்தனை எடுக்கலாம் என்று குளத்தை வற்றவைத்து மீனை எண்ணி, நிறுத்துக் கணக்கெடுத்தார். அதன் பிறகு அங்கே வழக்கமான அளவு, உரமிட்ட குளத்தில் ஏக்கருக்கு 1,000 புளூகில் குஞ்சுகளும் 100 பாஸ் மீன் குஞ்சுகளும். உரமிடாத குளத்தில் இரண்டும் பாதி. பாஸ் என்பது பெரிய வாய்க்கார வேட்டைமீன். புளூகிலின் சொந்தக் குடும்பம்தான். பங்காளியின் குஞ்சைத் தின்றே அது பிழைக்கும். குஞ்சுகளை பாஸ் குறைக்கும்; வளர்ந்ததைத் தூண்டில்காரன் எடுப்பான். இரண்டு வாய் வேலை செய்தால்தான் மூன்றாவது வாய்க்கு இரை மிஞ்சும். வீடியோவில் பேரன் கையிலிருந்த மீன் அவ்வளவு பெரிதாக இருந்ததற்குக் காரணம் இனம் அல்ல, இந்தக் கணக்கு.

உங்கள் குளத்தில் அந்தக் கணக்கின் ஒரு பாதி ஏற்கெனவே இருக்கிறது. புளூகில் இடத்தில் ஜிலேபி. இல்லாதது பாஸ். அதற்கும் அமெரிக்கா போக வேண்டாம். நம் விரால் இருக்கிறது.

வண்ணமீன் கடைக்காரரிடம் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். வெளிநாட்டு மீனை மத்திய அரசின் அனுமதி இல்லாமல் உயிரோடு கொண்டுவருவது சட்டப்படி குற்றம். சட்டம் கிடக்கட்டும் என்றாலும், உங்கள் குளம் இடவப்பாதியில் ஒரு முறை, ஐப்பசியில் ஒரு முறை மறுகால் பாயுமே, அந்தத் தண்ணீர் எங்கே போகிறது? ஓடை வழியாகக் கோதையாற்றுக்கோ பரளியாற்றுக்கோ போய், குழித்துறையாறாகித் தேங்காப்பட்டணத்தில் கடலில் சேர்கிறது. வழியில் எத்தனை குளம், எத்தனை வாய்க்கால்! ஜப்பானில் நடந்தது இதுதான். 1960இல் அந்நாட்டுப் பட்டத்து இளவரசர் அகிஹிட்டோ அமெரிக்கா சென்றபோது சிகாகோ மேயர் அன்பளிப்பாகக் கொடுத்த புளூகில் மீன்களைக் கொண்டுவந்து மீன்வள ஆராய்ச்சிக்குக் கொடுத்தார். உணவுக்காகும் என்ற நல்லெண்ணம்தான். அது பரவி பிவா ஏரியின் உள்நாட்டு மீன்களுக்கே எமனாகிவிட்டது. 2007இல், பேரரசராக இருந்த அவர், அதை நினைத்து மனம் வருந்துவதாகப் பொதுமேடையில் சொன்னார். அவரே வாளியைத் தூக்கிக் குளத்தில் கொட்டியவர் அல்லர், ஆனாலும் வருந்தினார். நாம் வாளியோடு நிற்கிறோம். 1952இல் இந்தியாவுக்கு வந்த ஜிலேபி எங்கெல்லாம் புகுந்துவிட்டது என்பதற்கு உங்கள் குளத்தைவிட வேறு சாட்சி வேண்டுமா? ஆப்பிரிக்கக் கெளுத்தியையும் இப்படித்தான் பின்கதவு வழியாகக் கொண்டுவந்தார்கள். அரசு தடை விதித்த பிறகும் அது முழுக்க ஒழியவில்லை.

சரி, செய்ய வேண்டியது. இந்தப் பங்குனியில் குளத்தை அடியோடு சுத்தம் செய்யலாம், அல்லது ஒரு வருடம் பொறுக்கலாம். வியாபாரத்துக்குக் கேட்டிருந்தால் உடனே சுத்தம் செய்யச் சொல்லியிருப்பேன். பேரன் ஆனியில் வருகிறான்; இப்போது காலி செய்தால் அவன் வரும்போது குளத்தில் தவளைதான் இருக்கும். ஆகவே இந்த வருடம் கலைத்துக் குறைப்பதோடு நிறுத்துவோம்.

பங்குனிக் கடைசியில் தண்ணீர் ஒன்றரை அடிக்கு இறங்கியதும் இழுவலை வைத்திருக்கும் ஆட்களைக் கூப்பிட்டு மூன்று நான்கு முறை இழுங்கள். முக்கால் பங்கு மீன் வெளியே வர வேண்டும். மனம் இரங்கிப் பாதியில் நிறுத்திவிடாதீர்கள். ‘இவ்வளவு போதும்’ என்று உங்களுக்குத் தோன்றும் இடத்திலிருந்து இன்னும் இரண்டு இழுவை. பிடித்ததைக் கோழிக்கும் வாத்துக்கும் கொடுக்கலாம், காயவைக்கலாம், மிச்சத்தைத் தென்னை மூட்டில் குழி வெட்டிப் புதைக்கலாம். வலையில் வந்தவற்றில் உடல் மெலிந்து தலை மட்டும் பெரிதாகத் தெரிபவை வயதானவை. அவற்றைக் கட்டாயம் எடுத்துவிடுங்கள். உருண்ட முதுகோடு இருப்பவற்றில் 300 எண்ணித் திரும்ப விடுங்கள்.

இதோடு ஒரு சாண் நீள விரால் 30 விடுங்கள். விரலளவு ஜிலேபியை அவை உடனே பிடித்துத் தின்றுவிடும் என்று எதிர்பார்க்க வேண்டாம். அவற்றின் வேலை புதிதாகப் பிறக்கும் குஞ்சைத் தின்பது. பெரியதைக் குறைக்க வலையும் தூண்டிலும். சிறியதைக் குறைக்க விரால். விராலுக்கு ஒரு பழக்கம் உண்டு: புது மழையில் தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டால் எதிரேறிப் போகும், ஈரப் புல்லில் ஊர்ந்தும் போகும். மறுகாலிலும் தண்ணீர் உள்ளே வரும் இடத்திலும் இரண்டடி உயரத்துக்கு நெருக்கமான வலை கட்டாமல் விரால் விடுவது, கதவைத் திறந்துபோட்டு மாட்டை அவிழ்த்துவிடுவதற்குச் சமம்.

வைகாசி பிறந்ததும் தினமும் மாலையில் ஒரே இடத்தில் தீவனம் போடுங்கள். தேங்காய்ப் புண்ணாக்கை முந்தின நாள் இரவே ஊறவைத்து, அரிசித் தவிட்டோடு பிசைந்து உருண்டையாக, பழைய அலுமினியத் தட்டில் வைத்துக் கயிற்றில் இறக்குங்கள். அரை மணி நேரம் கழித்துத் தட்டைத் தூக்கினால் தின்ற அளவு தெரியும். மிச்சம் இருந்தால் மறுநாள் குறையுங்கள். இருபது நாளில் மீன்கள் அந்த நேரத்துக்கு அந்தப் படித்துறையில் வந்து கூடும். பேரன் தூண்டில் போட வேண்டிய இடம் அதுதான். சிறிய முள், மண்புழு, முழ நீளத்துக்கு நூல், அவ்வளவே. ஒரு மாலையில் இருபது மீன் பிடிப்பான். பத்து வயதுப் பையனுக்கு மீனின் எடை பெரிதில்லை; எண்ணிக்கைதான் பெரிது. அமெரிக்காவில் சில இடங்களில் பிடித்ததைத் திரும்ப விடும் பழக்கம் உண்டு. இங்கே அது வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். பிடித்தது அத்தனையும் வாளிக்குள் போகட்டும். விளையாடிக்கொண்டே அவன் குளத்துக்கு வேலை செய்கிறான். பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும் என்பதை ஆசிரியைக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனியில் மழை பிடித்துவிட்டால் படி வழுக்கும்.

அடுத்த பங்குனியில் முழுச் சுத்தம். அதற்கு இலுப்பைப் புண்ணாக்கைப் போல ஒன்றும் இல்லை. மீனைக் கொன்றுவிட்டுப் பதினைந்து இருபது நாளில் விஷம் முறிந்து உரமாகிவிடும். ஒரு மீட்டர் ஆழத்துக்குச் சென்ட் ஒன்றுக்கு 10 கிலோ என்பது அளவு. 15 சென்ட், ஒன்றரை அடி என்னும் வற்றிய நிலையில் உங்களுக்கு 70 கிலோ போதும். இதையே ஐப்பசியில் நிறைகுளத்தில் செய்தால் 600 கிலோவுக்கு மேல் வேண்டும். பங்குனி, பங்குனி என்று நான் சொல்வது இதற்காகத்தான். புண்ணாக்கை ஒரு நாள் ஊறவைத்துக் கரைத்துக் குளம் முழுக்கத் தெளியுங்கள். மயங்கி மேலே வரும் மீனை அன்றே வாரிவிடுங்கள், கறிக்கும் ஆகும். ஓரத்துச் சேற்றுக் குழிகளை விட்டுவிட்டால் ஒரு தாய் ஜிலேபி தப்பிவிடும். அடுத்த கார்த்திகையில் எனக்கு இதே கடிதத்தை மறுபடி எழுதுவீர்கள். அது தெளித்த குளத்தில் மூன்று வாரம் மாடு தண்ணீர் குடிக்க வேண்டாம்.

காலி ஆனபின் என்ன விடுவது? கட்லா, ரோகு, மிர்கால் மூன்றும்தான் நம் பக்கத்து வழக்கம். அவற்றின் பெரிய நன்மை, அவை நிலைத்த தண்ணீரில் குஞ்சு பொரிக்காது. வெள்ளம் புரளும் ஆறு வேண்டும். 1957 ஜூலை 10 அன்று ஒடிசாவின் அங்குலில் ஹீராலால் சௌத்ரியும் அலிகுஞ்ஞியும் ஊசி மருந்தால் அவற்றை முட்டையிட வைத்த பிறகுதான் பண்ணைக் குஞ்சு கிடைக்கத் தொடங்கியது. ஆகவே 500 விட்டால் அதிகபட்சம் 500தான். கூட்டம் பெருகாது, விரலாக நிற்காது. சென்ட்டுக்கு 20 என்பது பொதுவான கணக்கு. காற்றூட்டும் கருவி இல்லாத உங்களுக்கு 15 போதும். ஆடியில் விட்டு, மாசியில் எடுத்துவிட வேண்டும். பங்குனியின் ஒன்றரை அடிச் சூட்டில் கட்லா நிற்காது.

இங்கேதான் சிக்கல். மாசியில் எடுத்துவிட்டால் ஆனியில் பேரனுக்கு என்ன இருக்கும்? குளத்தின் ஒரு மூலையில் ஐந்து சென்ட் அளவை இன்னும் நான்கடி ஆழப்படுத்தினால் நூறு ரோகுவைக் கோடையைத் தாண்டி நிறுத்தலாம். சுத்தம் செய்யும் நாளிலேயே அந்த வேலையையும் முடித்துவிடுங்கள். அதற்கடுத்த ஆனியில் அரைக் கிலோ, முக்கால் கிலோ ரோகு தூண்டிலை இழுக்கும்போது பேரனே புளூகிலை மறந்துவிடுவான். விராலை மட்டும் ரோகுக் குஞ்சு நன்றாக வளர்வதற்கு முன் விட்டுவிடாதீர்கள். நானே என் குளத்தில் அந்தத் தவற்றைச் செய்தவன். ஆடியில் 400 ரோகு, அதே வாரத்தில் விரால். தையில் வலை போட்டபோது ரோகு 11. விரால் ஒவ்வொன்றும் முழங்கை நீளம். வீட்டில் இன்றுவரை அதைச் சொல்லிக் காட்டுகிறார்கள்.

சன்ஃபிஷ் போலவே ஒரு மீன்தான் வேண்டும் என்று பையன் அடம்பிடித்தால், கரிமீன் இருக்கிறதே! அதே தட்டை உடல், பச்சைக் கோடுகள், முத்துப் போல வெள்ளைப் புள்ளிகள். முட்டையைக் கல்லிலோ தென்னை மட்டையிலோ ஒட்டிவைத்துத் தாயும் தந்தையுமாகக் காவல் இருக்கும். குஞ்சுகள் பெற்றோரைச் சுற்றி மேகம் போலத் திரிவதைத் தெளிந்த தண்ணீரில் படியில் உட்கார்ந்தே பார்க்கலாம். நம் மண்ணின் மீன், நன்னீரிலும் வாழும். ஒரு வருடத்தில் நூறு நூற்றைம்பது கிராமுக்கு மேல் எதிர்பார்க்க வேண்டாம், வளர்ச்சி மெதுவானது. ஆனால் நீர்ப்பாசியைத் தின்னும், ஜிலேபி அளவுக்குப் பெருகாது, விலையும் உண்டு. மணக்குடிக் கழிமுகத்தில் பிடித்த குஞ்சை நேராக உங்கள் குளத்தில் கொட்டினால் தாங்காது. தொட்டியில் வைத்து நான்கைந்து நாளில் உப்பைப் படிப்படியாகக் குறைத்து, பிறகு விட வேண்டும். எந்தக் குஞ்சானாலும் பையை அப்படியே மாலையில் இருபது நிமிடம் குளத்தில் மிதக்கவிட்டு, குளத்து நீரைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பைக்குள் விட்டு, குஞ்சு தானாக நீந்திப் போகும்படி சாய்த்துப் பிடியுங்கள்.

தண்ணீரைப் பற்றிச் சொல்லாமல் முடித்தால் இவ்வளவும் வீண். முழங்கை வரை கையைத் தண்ணீரில் விட்டு உள்ளங்கையைப் பாருங்கள். மங்கலாகத் தெரிந்து மறைகிற பச்சை நல்லது. கை முழுக்கத் தெளிவாகத் தெரிந்தால் இரை இல்லை; மணிக்கட்டிலேயே மறைந்தால் பாசி மிஞ்சிவிட்டது, தீவனத்தை நிறுத்துங்கள். கறுத்த தேயிலைச் சாறு போல இருந்தால் மார்கழி, தையில் உதிரும் ரப்பர் இலை அடியில் அழுகுகிறது, வாரிப்போட வேண்டும். மழை மூட்டமான விடியற்காலையில் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடினால் பசி என்று தீவனம் போட்டுவிடாதீர்கள். அது மூச்சுத் திணறல். மோட்டாரைப் போட்டுக் குளத்து நீரையே குளத்தில் உயரத்திலிருந்து விழ வையுங்கள்.

நம் மேற்குப் பக்கத்துச் செம்மண் பொதுவாகப் புளிப்பு. அந்த வண்ணமீன் கடைக்காரரிடம் நீங்கள் வாங்க வேண்டியது ஒன்று உண்டு: பி.எச். பார்க்கும் காகிதம். ஆறரைக்குக் கீழே காட்டினால் சென்ட்டுக்கு இரண்டு கிலோ சுண்ணாம்பு, மொத்தம் 70 கிலோ. மீன் இருக்கும் குளத்தில் நீற்றாத சுண்ணாம்பு கூடாது. விவசாயச் சுண்ணாம்புத் தூளை மூன்று தவணையாகத் தூவுங்கள்.

கடிதத்தில் நீங்கள் எழுதாத ஒன்றைக் கேட்கிறேன். ரப்பர் பால் உறையவைத்து ஷீட் அடிக்கும் புரை குளத்துக்கு மேல்பக்கமா, கீழ்பக்கமா? ஃபார்மிக் அமிலம் கலந்த அந்தக் கழுவுநீர் சிறுகச் சிறுகக் குளத்தில் இறங்கிக்கொண்டிருந்தால் 70 கிலோ அல்ல, 700 கிலோ சுண்ணாம்பு போட்டாலும் நிற்காது. முதலில் அந்த வாய்க்காலைத் திருப்ப வேண்டும். அதைப் பார்த்துவிட்டு எழுதுங்கள். சுண்ணாம்பை அதற்குப் பிறகு வாங்கலாம்.